தாய்மொழிக் கட்டத்தில் வாப்பா எழுதியது

அல் ஐன்,
17.2.1998

அன்புள்ள மைத்துனர் லுக்மானுக்கு, முகம்மது ரிபாய் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் கூடப்பிறந்த லாத்தா ஜுபைதாவும் சுகம். நியூ ஜெர்ஸியில் நீங்களும் வீட்டாரும் பனியில் வழுக்காமல் நடமாட துஆச் செய்கிறோம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்கிறது. வீட்டில் வேறு யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் என் மகள் ஹிஃப்ஸாவை நான் எதற்கு அமெரிக்கா அனுப்பினேன் என்பது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படிக்க. இங்கே இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் அங்கே மாற்றிக்கொண்டு போய், நாலாம் வருடம் முடிகிற இந்த மே மாதம் பட்டம் வாங்கி, ஜூலை லீவில் கீழக்கரையில் நிக்காஹ் என்று எல்லாம் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது பிள்ளை எழுதுகிறது, கம்ப்யூட்டரோடு ஸ்பானிஷையும் துணைப்பாடமாக எடுத்திருக்கிறதாம், நாலு பேப்பர் முடிந்து ஐந்தாவது நடக்கிறதாம், ஆறாவதைச் செப்டம்பரில்தான் வைப்பார்களாம், ஆகவே டிசம்பரில்தான் ஊருக்கு வருமாம். பெண் ஊரில் இல்லாமலேயே நிக்காஹ் ஓதிவிடலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது. பெண் இல்லாமல் குடித்தனம் நடத்த இடம் இருப்பதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை சாகிர் நல்ல பையன், அபுதாபியில் வங்கி வேலை. அவன் வாப்பா கௌஸ் முகைதீன் இங்கே சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார், சொல்லுக்குச் சொல் காரணம் கேட்கிற மனிதர். இந்தச் சம்பந்தம் கை நழுவிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் லாத்தா வேறு விதமாகச் சொல்லுவாள். நான் இருபத்திரண்டு வருடமாக டைப்பிங் கடையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு விசா பாரமும் லேபர் கார்டு பாரமும் அரபியில் நிரப்பிக் கொடுக்கிறவன். பாரம் என்று வந்துவிட்டால் ஒரு கட்டத்தைக்கூட காலியாக விடக்கூடாது, விட்டால் கவுண்டரில் தூக்கி எறிந்துவிடுவான், இது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் ஹிஃப்ஸாவின் மாற்றல் பாரத்தையும் நானே வாங்கி நிரப்பினேன். தாய்மொழி என்று ஒரு கட்டம். தமிழ் என்று எழுதினால் அமெரிக்காக்காரனுக்கு என்ன தெரியும்? பிள்ளை இங்கேயே பிறந்தது, ஐந்து வயதில் குர்ஆன் ஓதியது, கல்லூரியில் அரபியில் இரண்டு பேப்பர் முதல் மார்க்கில் தேறியது. கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று அரபி என்று எழுதினேன். எழுதியதோடு விடாமல் நோட்டரியிடம் ஒன்று, வெளியுறவு அலுவலகத்தில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று என்று முத்திரை குத்தி அனுப்பினேன். முத்திரை இல்லாத காகிதத்தை இந்த நாட்டில் கழுதைகூடத் தின்னாது.

அங்கே போனால் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்: எங்கள் சட்டப்படி ஒவ்வொருவரும் ஒரு அந்நிய மொழி படிக்க வேண்டும், உன் தாய்மொழி அரபி, தாய்மொழி அந்நிய மொழி ஆகாது, ஆகவே நீ கொண்டுவந்த இரண்டு அரபி பேப்பரும் செல்லாது, வேறு ஏதாவது மொழியில் முதலிலிருந்து நாலு பேப்பர் படி. நான் உடனே காரியத்தைக் கையில் எடுத்தேன். பிள்ளையின் தாய்மொழி தமிழ்தான் என்று இன்னொரு காகிதம் தயார் செய்து, இந்தத் தடவை முத்திரையைக் கூட்டி, ஐந்து குத்தி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. உங்களிடமிருந்து வந்த இரண்டு காகிதமும் அரசாங்க முத்திரையோடு இருக்கின்றன, ஒன்றில் அரபி, ஒன்றில் தமிழ், இரண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்கிறோம், ஆகவே இரண்டிலும் உங்கள் மகளுக்குச் சலுகை கிடையாது என்று. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். அவர்களுக்குக் காகிதம் படிக்கத் தெரியவில்லை.

சரி, நாலு பேப்பர்தானே, காய்ச்சல் மாதிரி வந்து போகட்டும் என்று இருந்தேன். நாலோடு நிற்காமல் ஆறு வரைக்கும் போகிறேன் என்று பிள்ளை சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? நானும் உருது, மலையாளம், அரபி, பஷ்து என்று நாலு மொழி பேசுகிறேன், ஒன்றுக்காவது பரீட்சை எழுதியது உண்டா? இத்தனை வருடத்தில் ஸ்பானிஷ் பேசுகிற ஒரு மனிதன் என் கடைக்கு விசா அடிக்க வந்தது கிடையாது. வராத வாடிக்கைக்காரனுக்குக் கடை திறந்து வைப்பார்களா?

போன வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கையில் ஹிஃப்ஸா கேசட் பேசி அனுப்பியிருந்தாள். போன் பேசினால் கட்டுப்படியாகாது என்று நாம் எல்லாரும் செய்வதுதான். வழக்கம்போல ஜும்மா தொழுகை முடிந்து ஆட்களைக் கூப்பிட்டேன், மருமகளாக வரப்போகிற பிள்ளையின் குரலைக் கேட்கட்டும் என்று கௌஸ் முகைதீனையும் கூப்பிட்டேன், என் கடையில் கூட வேலை செய்கிற கலீலுர் ரஹ்மானும் வந்திருந்தார். முதல் பக்கம் அருமையாகப் போனது. எல்லாருக்கும் பேர் பேராக ஸலாம் சொன்னாள். கௌஸ் முகைதீன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தப் பூரிப்பில் நான் எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்தில் பிள்ளை தன் பாடத்தைப் பதிந்து வைத்ததை அழிக்க மறந்திருக்கிறது. ஒரு ஆண் குரல் ஏதோ கேட்கிறது, நம் பிள்ளை கலகலவென்று பதில் சொல்கிறது.

கௌஸ் முகைதீன் டீயைக் கீழே வைத்தார்.

"புள்ள என்ன பாசை பேசுது, காக்கா?"

"கம்ப்யூட்டர் பாசை" என்றேன். கம்ப்யூட்டருக்குப் பல மொழி உண்டு என்று பத்திரிகையில் படித்திருந்தேன்.

"கம்ப்யூட்டர் ஆம்பளைக் குரல்ல பேசுமோ?"

"அமெரிக்காவுல பேசுது."

அத்தோடு போயிருக்கும். கலீலுர் ரஹ்மான் முன்னே கப்பலில் இருந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா?

"இது ஸ்பானிஷ்ல. நான் கப்பல்ல இருக்கப்ப நிறையக் கேட்டிருக்கேன். அந்த ஆளு உங்க வீட்டுல யார் யாரு இருக்காகன்னு கேக்குறாரு. வாப்பாவோட தங்கச்சி இருக்காக, அவுககிட்ட மூணு பூனை இருக்குன்னு நம்ம புள்ள சொல்லுது."

கௌஸ் முகைதீன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "உங்களுக்குத் தங்கச்சி கிடையாதுன்னுதானே காக்கா சம்பந்தம் பேசுறப்ப சொன்னீக?" என்றார். பாடப் புத்தகத்தில் அப்படி ஒரு தங்கச்சி இருக்கிறாள், பூனையும் அவளுடையதுதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மனிதர் செருப்பை மாட்டிவிட்டார். அடுப்படியில் உங்கள் லாத்தா இருமினாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்குப் போனவர் பதினொரு நாளாக என் கடைப் பக்கமே வரவில்லை. எதிரே பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார். இல்லாத தங்கச்சியால் இருக்கிற சம்பந்தம் போகப் போகிறது.

ஆகவே லுக்மான், உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நடக்கிற பேப்பரை விட்டு விலக மார்ச் இருபது கடைசி நாள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அதற்குள் ஹிஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வையுங்கள். அழுதால் அழட்டும். தாய்மாமன் சொன்னால் கேட்கும், நான் சொன்னால் இங்கிலீஷில் பதில் சொல்கிறது. மே மாதம் பட்டத்தோடு பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டீர்கள் என்றால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். ஐந்து வேளைத் தொழுகையிலும் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் எல்லாருடைய காரியத்தையும் லேசாக்குவானாக.

இப்படிக்கு,
முகம்மது ரிபாய்

பின்குறிப்பு: தம்பி லுக்மான், இது லாத்தா ஜுபைதா எழுதுவது. கவரை ஒட்டச் சொல்லி உன் மச்சான் என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ஹிஃப்ஸா இந்த விஷயத்தைப் போன ஆகஸ்ட் மாதமே போனில் என்னிடம் கேட்டாள். படி என்று சொன்னது நான்தான். சாகிரின் உம்மாவிடமும் நானே பேசிவிட்டேன். சாகிரைக் கேட்டதற்கு, முடித்துவிட்டே வரட்டும் என்றானாம். நிக்காஹ் அடுத்த நோன்புப் பெருநாள் கழித்து என்று இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடித்து இரண்டு மாதம் ஆகிறது. கௌஸ் முகைதீன் காக்காவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேசட் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கே தேதி மாறியது தெரிந்திருக்கிறது. உன் மச்சானைப் பார்த்தால் உளறிவிடுவார் என்று அவர் வீட்டில் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரை உன் மச்சான் தேர்ந்தெடுத்தார். கல்லூரியை நீ தேர்ந்தெடுத்தாய். மாப்பிள்ளையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். இது ஒன்றுதான் அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது. என்னை எட்டாவதில் நிறுத்தியபோது இன்னும் படிக்கிறாயா என்று ஒருத்தர் கேட்கவில்லை, அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. நீ அவளை எங்கேயும் கையெழுத்துப் போடக் கூட்டிக்கொண்டு போகாதே. உன் மச்சானிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். தேதியைத் தள்ளிவைக்கும் யோசனை அவருக்கே தோன்றியதாக அவர் நம்புவதற்கு எனக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும். அதுவரை பதில் போடாதே.