என் சாவுக்கு நீ வராதது குறித்து

விருத்தாசலம்,
செராமிக் தொழிற்பேட்டை பின்தெரு.

அன்புள்ள தம்பி பாண்டியனுக்கு அண்ணன் கோதண்டபாணி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அண்ணி நீலாவதியும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் மங்கலம்பேட்டையில் நீயும் செல்வநாயகியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உன் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சாமி விசாரிக்க ஆரம்பித்தால் லேசில் விடாது. கூடப் பிறந்தவனை அவ்வளவு தூரம் இழுக்க மனசு வரவில்லை. ஆகையால் உனக்கே எழுதுகிறேன்.

என் மகள் இனியா கல்யாணப் பத்திரிகையில் உன் மனைவி செல்வநாயகியின் பெயரை அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று நீ கல்யாணத்துக்கும் வரவில்லை, ஆறு வருஷமாக என்னோடு பேசவும் இல்லை. சரி, கல்யாணம் நல்ல காரியம். நல்லதுக்கு வராதவன் கெட்டதுக்கு வந்து நிற்பான் என்பது நம் பக்கத்து முறை. அந்த நம்பிக்கையில்தான் நானும் காலத்தை ஓட்டினேன். போன மாசம் நான் செத்தேன். நீ வரவில்லை.

எப்படிச் செத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு ஜெயஸ்ரீயை உனக்குத் தெரியும், பொம்மைக் கம்பெனியில் வர்ணம் பூசுகிற பெண். இங்கே சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகின்றன. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இந்த ஊரை நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், வெளியூர் ஜனம் வந்தால் டீக்கடைக்காவது வியாபாரம் நடக்கும் என்று இந்தப் பெண்ணும் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து, ஊர்ப் படவிழா நடத்துவது என்று கிளம்பினார்கள். ஊர்க்காரர்களே செல்போனில் படம் எடுத்து, ஊர்க்காரர்களுக்கே காட்டுவது. ஜெயஸ்ரீ எடுத்த படத்தின் கதை என்னவென்றால், தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போகிறார், தூக்குவதற்கு நாலு ஆள் ஊரில் இல்லை. “பெரியப்பா, நீங்கதான் பொணம். வசனமெல்லாம் கிடையாது, சும்மா படுத்திருந்தா போதும்” என்றாள். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே கண்டக்டர் வேலை பார்த்தவனுக்குப் படுக்கிற வேலை என்றதும் ஆசை வந்துவிட்டது. உன் அண்ணிதான், “நெசமாவே போறப்ப படுத்துக்கலாம், இப்ப என்னத்துக்கு அவசரம்?” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படத்துக்காகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கொஞ்சம் அடித்திருந்தார்கள். என் சர்வீஸ் போட்டோவைப் போட்டு, கீழே ‘இன்று மாலை நல்லடக்கம்’ என்று இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்று ஒட்டினால் போதும். ஒட்டுவதற்கு, ஊரில் எல்லாப் போஸ்டரும் ஒட்டுகிற கருப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் பழக்க தோஷத்தில் பாலக்கரை, பஸ் ஸ்டாண்டு என்று மிச்சத்தையும் ஒட்டிவிட்டு வந்துவிட்டான். பிற்பாடு கேட்டதற்கு, “கையில குடுத்தா ஒட்டாம என்னா சார் பண்ணுவேன், திங்கவா முடியும்?” என்றான்.

மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி வாசலில் பெஞ்சில் படுக்கப் போட்டார்கள். தெரு காலியாக இருக்க வேண்டும், அதுதான் கதை. காலியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து உன் அண்ணியின் பிறந்த வீட்டுப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கி மார்பில் அடித்துக்கொண்டார்கள். அடுத்தது டெப்போ ஆட்கள். அப்புறம் திட்டக்குடி சம்பந்தி வீடு. தெரு அடைத்துப்போனது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். ஜெயஸ்ரீ குனிந்து என் காதில், “பெரியப்பா, அசையாதீங்க, நெசமா அழுவுறாங்க, நல்லா வருது” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போனவள் இருக்கிறாளே உன் அண்ணி, நான் சாகவில்லை என்று நன்றாகத் தெரிந்தவள், அவளும் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு கதறிவிட்டாள். பொய்யில்லை தம்பி, அவள் கண்ணீர் என் பாதத்தில் சூடாக விழுந்தது. என்னோடு பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் ஓடின டிரைவர் திருமால் மாலையோடு வந்து, “கண்டக்டரே, இனிமே எனக்கு யாருய்யா ரைட்டு குடுப்பா?” என்று கேட்டு என் மேலேயே விழுந்து அழுதான். கண்ணை மூடியிருந்தாலும் எனக்குக் கண் கரித்தது. செத்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அவ்வளவு சத்தத்திலும் நான் உன் குரலைத்தான் தேடினேன். யாராவது “அண்ணே” என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன். அது வேறு யாரோ வேறு யாரையோ கூப்பிடுவதாக இருக்கும். உங்கள் ஊர்ப் பழ வியாபாரி பாய் ஒருவர் தலைமாட்டில் நின்று பேசினது கேட்டது. “பாண்டியன்கிட்ட காலையிலயே சொன்னேங்க. கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. அப்படியே கடைக்குள்ள போயிட்டாரு.” அதைக் கேட்ட பிறகு எனக்குப் படுத்திருக்கப் பிடிக்கவில்லை. பஞ்சு வேறு உறுத்தி ஒரு தும்மல் வந்தது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். நாலு பேர் பயந்து ஓடினார்கள். திருமால் கொண்டு வந்த மாலையாலேயே என்னை அடித்தான், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டான். உன் அண்ணியின் சித்தி, “சாவாதவனுக்கு எதுக்குடா ஊரக் கூட்டுன?” என்று வாயில் வந்தபடி ஏசிவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

விழா அதற்கு அடுத்த வாரம். மூடிக் கிடக்கிற ஒரு கம்பெனியின் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார்கள். முதல் நாள் மழை. மறுநாள் கரண்டு இல்லை. கடைசி நாள் எங்கள் படம், அன்றும் தூறல்தான். என் சாவுக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே, படத்துக்குக் கேட்க வேண்டுமா என்று வாடகை நாற்காலியை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வந்தது நாங்கள் இரண்டு பேர், திருமால், ஜெயஸ்ரீயோடு வேலை செய்கிற பெண்கள், மழைக்கு ஒதுங்கின ஒரு ஆட்டுக்குட்டி. திரையில் தெரு நிறைய ஜனம் அழுகிறது, ஷெட்டில் காலி நாற்காலி. படம் முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, தட்டினால் எதிரொலிக்கும் என்று பயந்தார்களோ என்னவோ. ஜெயஸ்ரீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “யாருமே வராத தெருன்னு கதை எழுதுனேன் பெரியப்பா. அன்னிக்கு எல்லாரும் வந்தப்ப, என் கதை பொய்யாப் போச்சேன்னு சந்தோசப்பட்டேன்” என்றாள். அவள் கம்பெனியும் அன்று காலையில்தான் பூட்டினார்கள். அவளும் திருப்பூர் போகிறாள். எதிர் வீட்டுக்கும் பூட்டு வந்துவிடும்.

தம்பி, எனக்கு உன் மேல் கோபம் என்று நினைக்காதே. மனுஷன் எப்போது போவான் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த தடவை படமாக இருக்காது. அப்போது யார் யார் வருவார்கள் என்பதை இப்போதே பார்த்துவிட்டேன். நீ வரமாட்டாய் என்றும் தெரிந்துவிட்டது. தெரியாமலே போயிருக்கலாம். செல்வநாயகிக்கு என் ஆசீர்வாதம். நீ அங்கேயே நன்றாக இரு. இனி உனக்கு எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
கோதண்டபாணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஜெயஸ்ரீ ஊருக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தாள். காலித் தெருவை எடுப்பதற்காக அன்று மாடியில் இன்னொரு போன் வைத்திருந்தாளாம். கூட்டம் சேர்ந்துவிட்டதால் அந்தத் துண்டு படத்தில் சேரவில்லை. “வச்சுக்குங்க பெரியப்பா” என்று போட்டுக் காட்டினாள். தெருக்கோடிக் குழாயடியில் நீ நிற்கிறாய். ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. கிட்டே வருகிறாய், திரும்பிப் போகிறாய், மறுபடி வருகிறாய். பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொள்கிறாய். நான் எழுந்து உட்கார்ந்ததும் கூட்டம் என் பக்கம் ஓடுகிறது. நீ மட்டும் அங்கேயே எழுந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டாய். உன் அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை ஒரு வரி விடாமல் அடித்துவிடு. இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன். செத்தவன் வாசலில் வந்து நிற்கிறான் என்று பயப்படாமல் கதவைத் திற.