வாரிசு என்ற இடத்தில் ஒரு கையெழுத்து

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் யார் முதுகுக்காவது பின்னால் போய் நிற்கிற சுபாவம். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் விமானத்தில் பறந்த முதல் பெண் நான்தான். (விரும்பிப் பறக்கவில்லை.)

எழுபதுகளில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கடலை பிடுங்கிய காட்டில் யுத்தகாலத்து விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கை, கூரை கிடையாது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒரே ஒருவர் உட்காரலாம். சீட்டு வாங்கினால் வானத்தில் ஒரு சுற்று.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரமாக அதே பேச்சு. அன்று காலையிலேயே வெள்ளை வேட்டி, கூலிங்கிளாஸ். ஆண்கள் வரிசை வாய்க்கால் வரை நின்றது. பெண்கள் வரிசையில் ஆளே இல்லை. சினிமாக் கொட்டகையில் செய்வது போலவே, "நீ போய் வாங்கிட்டு வா புள்ள" என்று என்னை அனுப்பிவிட்டு விமானத்தைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார்.

மேஜையில் இருந்த குமாஸ்தா மலையாளி. "பேரு எந்தா?" என்றார்.

பறக்கிறவர் பெயரைச் சொல்ல வேண்டும். கட்டினவர் பெயரை வாயால் எப்படிச் சொல்வது? விழித்தேன். மறுபடி அதட்டினார். பயத்தில் என் பெயர் வந்துவிட்டது. ஒரு மலையாளத் தாளில் எழுதிக்கொண்டு, "பர்த்தாவு?" என்றார். கூலிங்கிளாஸைக் காட்டினேன். இவர் ஓடிவந்து, குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். (கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் எதையும் படிக்கமாட்டார்.)

சற்று நேரத்தில் கூப்பிட்டார்கள்: "தெய்வாத்தாள்!"

"ஏனுங்க, பறக்கறது நானுங்க!" என்றார் இவர்.

"பத்திரத்தில் எழுதின ஆளுதான் கேறணும். ஆளு மாறினா கேஸாகும்" என்றார் குமாஸ்தா.

பக்கத்தில் நின்ற மளிகைக்கடை ராவுத்தர் அந்த மலையாளத் தாளை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. "மாப்ளே, வண்டி பழசு, உழுந்து செத்தாலும் கைகால் போனாலும் நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்கு. வாரிசுங்கிற எடத்துல நீ சம்மதிச்சிருக்கே. பொண்டாட்டியையே எழுதிக் குடுத்துட்டியேப்பா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை கண்ணும் என்மேல். அங்கே நிற்பதைவிட விமானத்துக்குள் ஒளிந்துகொள்வது மேல் என்று தோன்றியது. ஏறிவிட்டேன்.

இறக்கை துணியால் ஆனது என்பது மேலே போனபிறகுதான் தெரிந்தது. ஒட்டுப்போட்ட இடம் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு இன்ஜின் இரண்டு தடவை இருமியது. நின்றேவிட்டது.

அந்த அமைதியில் கீழேயிருந்து ஒரு குரல். "அந்தக் கையெழுத்துச் செல்லாதுங்கோ! படிக்காமப் போட்டதுங்கோ! அவளை எறக்குங்கோ!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விமானத்தின் நிழலைத் துரத்திக்கொண்டு காடு முழுக்க ஓடினார் இவர்.

பக்கத்துச் சோளக்காட்டில் இறங்கினோம். (இறங்கினோம் என்பது மரியாதைக்கு.) மூக்கு வரப்பில் குத்தி நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மூச்சிரைக்க வந்தவர், மூன்று ஊர்க் கூட்டத்துக்கு நடுவே என் கைகளைப் பிடித்துப் பார்த்தார். "கையிருக்குதா? காலிருக்குதா?"

"எல்லாம் இருக்குதுங்க. மொதல்ல போய் அந்தத் தாளை வாங்குங்க."

இன்றைக்கும் இவர் பேனாவைத் திறந்தால், ரேஷன் கார்டு விண்ணப்பமானாலும் சரி, "அப்பா, அம்மாவை எங்கே அனுப்பறீங்க?" என்பாள் என் மகள்.

அன்று விழுந்ததற்கு மறுநாள் இறக்கைகளைக் கழற்றி, விமானத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் பார்க்கப் போகவில்லை.