சீன மாளிகை வாசலிலை நான் போட்ட லிஸ்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். சிஞோராவைச் சீன மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் வீட்டை கொண்டுவந்து சேர்க்கிறது.

சிஞோரா எண்டால், லிபெர்த்தா வீதியிலை நான் வீட்டோடை நிண்டு பாத்துக்கொள்ளுற எண்பத்தாறு வயசு மனிசி. சீன மாளிகை எண்டால், இஞ்சை பலெர்மோவிலையே பெரிய பூங்காவுக்குள்ளை இருக்கிறது. கூரையிலை மணி தொங்கும், சுவரெல்லாம் சீனாக்காரரைக் கீறி வைச்சிருக்கினம்.

நானும் கனகாலமா அது ஆரோ சீன ராசா வந்து இருந்திட்டுப் போன இடமெண்டுதான் நினைச்சனான். மன்னாரிலை இருக்கிற தங்கச்சிக்கும் போனிலை அப்பிடித்தான் பெரிய விளக்கம் குடுத்தனான்.

பிறகு சிஞோராட்டையும் சொல்ல, அவ சிரியோ சிரியெண்டு சிரிச்சா. ஒரு சீனாக்காரனும் அங்கை இருக்கேல்லையாம். சண்டைக்குப் பயந்து இஞ்சை ஓடிவந்த நேப்பிள்ஸ் ராசா ஆசைக்குக் கட்டினதாம்.

சண்டைக்குப் பயந்து பலெர்மோவுக்கு ஓடிவந்தவர் எண்டதும் எனக்கு அந்த ராசாவிலை ஒரு பாசம் வந்திட்டுது.

அதை உள்ளை போய்ப் பாக்கிறது சிஞோராவின்ரை அறுபது வருச ஆசை. புருசன் காட்டுறன் காட்டுறன் எண்டு சொல்லியே செத்துப்போனார். மகன் விடமாட்டார். காத்து, படி, இதயம் எண்டு ஆயிரம் காரணம். அம்மா பல்கனியைத் தாண்டக்கூடாது எண்டு எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

அந்த ஞாயிறு மகனுக்குத் தூரத்து ஊர் கத்தானியாவிலை வேலையாம். அவர் போனை வைக்கமுதல் சிஞோரா தொப்பியைப் போட்டிட்டா.

என்ரை வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடியுது. அதிலை கையெழுத்து வைக்கிறது மகன். அந்தக் கையெழுத்து இல்லாட்டிப் பெர்மெசோ, இஞ்சை இருக்கிறதுக்குக் குடுக்கிற அனுமதி, புதுப்பிக்கேலாது. பெர்மெசோ இல்லாட்டி நான் மூட்டை கட்டவேண்டியதுதான்.

"அவனுக்கு ஆர் சொல்லப்போறது?" எண்டா சிஞோரா. "நீ சொல்லுவியே?"

போனம்.

ஒன்பது மணிக்குத்தான் திறக்கிறது. நான் ஏழு மணிக்கே மனிசியைக் கொண்டுபோய் வாசலிலை இருத்தினன். மடக்குக் கதிரை, பிளாஸ்கிலை தேத்தண்ணி, மீன் ரோல்ஸ், என்ரை எல்லாப் பேப்பரும் அடுக்கின பைல். பெர்மெசோ எடுக்கக் கெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோருக்குப் போய்ப் போய் வந்த பழக்கம். கதவு எண்டு ஒண்டு இருந்தால் ரெண்டு மணித்தியாலம் முதல் போய் நிக்காட்டி எனக்கு நெஞ்சு படபடக்கும்.

கெஸ்தூராவிலை இன்னொரு பழக்கமும் இருக்கு. விடியப்புறம் முதல் வாற ஆள் கொப்பியிலை ஒரு ஒற்றையைக் கிழிச்சு லிஸ்ட் போடவேணும். பிறகு வாறவை பெயரைப் பதிஞ்சு நம்பரை வாங்குவினம். அப்பதான் அடிபாடு வராது.

நானும் கிழிச்சன். முதலாம் நம்பர் சிஞோரா. ரெண்டாம் நம்பர் நான். அங்கை வேறை ஆக்களே இல்லை எண்டது வேறை கதை.

எட்டரைக்கு ஒரு ஜேர்மன் கூட்டம் வந்துது. பைலும் பேனையுமா நிண்ட என்னைக் கண்டதும் நேரை என்னட்டை வந்தினம். நான் பழக்கதோசத்திலை கேட்டிட்டன்: "கொன்யோமே?"

கொன்யோமே எண்டால் குடும்பப் பெயர். பதினாலு வருசமா இந்த ஊரிலை எல்லாரும் என்னட்டைக் கேட்ட கேள்வி. அண்டைக்குத்தான் முதல்முதலா நான் கேட்டன். சத்தியமாச் சொல்லுறன், நல்லா இருந்துது!

அதுகளும் பயபக்தியாச் சொல்லிச்சுதுகள். பிறகு பொலோஞ்ஞாவிலையிருந்து ஒரு சோடி வந்துது. பிறகு பிள்ளையளோடை ரெண்டு குடும்பம். ஒருத்தர் டொய்லெட் எங்கையெண்டு கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனாலும் கையைக் காட்டினன். இன்னொருத்தர் முன்னுக்குப் பூர வெளிக்கிட, "நம்பர் சொல்லுங்கோ" எண்டன். ஆள் பின்னுக்குப் போயிட்டார்.

எனக்குத் தலைக்கனம் ஏறீட்டுது. கெஸ்தூரா கவுண்டரிலை இருக்கிறவை ஒருநாளும் நிமிந்து முகத்தைப் பாக்கமாட்டினம். நானும் பாக்கிறதை நிப்பாட்டினன்.

"கொன்யோமே?"

ஆரோ ஒரு ஆம்பிளைக் குரல் பெயரைச் சொல்லிச்சுது.

"இந்தப் பெயர் ஏற்கெனவே பதிஞ்சிருக்கு. முதலாம் நம்பர்" எண்டன், நிமிராமலே.

"எப்பிடி இருக்கும்? நான் இப்பதானே வாறன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மெதுவா நிமிந்தன். கறுப்புக் கண்ணாடி, பக்கத்திலை பெண்சாதி, பின்னாலை நாலு சிநேகிதர். சிஞோராவின்ரை மகன்!

"அந்தோனியோ, நீ இஞ்சை என்ன செய்யிறாய்?"

பெர்மெசோ, ஒப்பந்தம், மன்னார் விமான ரிக்கெற் எல்லாம் கண்ணுக்கு முன்னாலை போய்வந்துது. பின்னாலை மடக்குக் கதிரையிலையிருந்து ரோல்ஸ் கடிச்ச வாயோடை ஒரு குரல் வந்துது.

"கத்தானியா கிட்ட வந்திட்டுது போலை."

அவ்வளவுதான். மகன் கண்ணாடியைக் கழட்டினார், திரும்பப் போட்டார். சிநேகிதர் திடீரெண்டு வந்தவையாம், வேலை கடைசி நேரத்திலை நிண்டுபோச்சாம். அம்மாவுக்குக் காத்துப் பிடிக்குமாம், அதாலை எல்லாரும் அம்மாவோடை சேர்ந்து முன்னுக்குப் போவமாம்.

சிஞோரா அவரைப் பாக்கேல்லை. என்னைப் பாத்தா.

"இவன் எத்தினையாம் நம்பர்?"

கையெழுத்துப் போடுறவர் முன்னாலை நிக்கிறார். என்னைச் சம்பளத்துக்கு வைச்சிருக்கிற மனிசி கதிரையிலை இருக்கிறா. லிஸ்ட் என்ரை கையிலை.

"இருபத்திமூண்டு, சிஞோரா."

"அப்ப இருபத்திரெண்டு பேரும் போகட்டும்."

ஜேர்மன்காரர் முழுப்பேரும் தலையாட்டிச்சினம்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்துது. நானும் சிஞோராவும் முதலாவதாப் போனம். சுவரிலை பட்டுடுப்புப் போட்ட சீனாக்காரர், மேலை தங்கநிறப் பூ, ஒரு மூலையிலை குடை பிடிச்சபடி ஒரு மனிசி. சிஞோரா என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொண்டாப் பாத்தா. வாய் ஓயாத மனிசி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. எனக்குக் கண் கலங்கீட்டுது.

கடைசியிலைதான் வாயைத் திறந்தா. "வடிவாத்தான் இருக்கு. என்ரை மனிசன் காட்டியிருக்கலாம், கஞ்சன்."

செவ்வாய்க்கிழமை மகன் வந்தார். என்னோடை கதைக்காமல் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சார். வெளிக்கிடப்போக, சிஞோரா கூப்பிட்டு இன்னுமொரு சின்ன வேலை சொன்னா.

போன கிழமை கெஸ்தூரா வாசலிலை, விடிய ஐஞ்சரைக்கு, கோட்டும் சூட்டும் அதே கறுப்புக் கண்ணாடியுமா ஒருத்தர் கொப்பி ஒற்றையோடை நிண்டார். முதலாம் நம்பரிலை என்ரை பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.