நைட் ஹெரானுக்கு மகள் கிடையாது

படுத்துக்கொண்டு தூங்குவது யாருக்கும் வரும். உட்கார்ந்தபடியே, கையில் ரிமோட்டோடு, முகத்தில் ஆழ்ந்த ரசனையோடு தூங்குவது சிலருக்குத்தான் வாய்க்கும். எனக்கு வாய்த்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்து மீட்டிங்குகளில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பழகிய உடம்பு. (மேலதிகாரி ஒருவர் என் தலையசைப்பைப் பாராட்டியே இருக்கிறார்.) போதாததற்கு வசனகவிதை எழுதுகிறவன் வேறு. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மற்றவர்களுக்குச் சுவர் இருக்கும். எனக்கு அங்கே ஒரு கொசுவலைதான் கட்டியிருக்கிறது. காற்று இரண்டு பக்கமும் போய் வரும்.

அந்தக் கொசுவலையில் ஒருமுறை ஒரு சூப்பர் ஹீரோ வந்து சிக்கினான். அவனோடு சேர்ந்து என் மானமும்.

என் மகள் முகில் அப்போது பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். பெயர் வைத்தது நான்தான். (மேகம் என்று பெயர் வைத்தால் ஒருநாள் நகர்ந்து போய்விடும் என்று யோசித்திருக்க வேண்டும்.) சின்ன வயதில் என் தோளைவிட்டு இறங்காதவள், ஒரு வருஷமாக என்னோடு பேசியதெல்லாம் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். 'சாப்டேன்.' 'சார்ஜர் எங்க?' 'வைஃபை போச்சு.' என் பக்கத்திலிருந்து 'ம்.' அவளுடைய அறைக் கதவு சாத்தியே இருக்கும். அடியில், இடுக்கு வழியாக நீல வெளிச்சம் மட்டும் கூடத்துத் தரையில் தண்ணீர்போல வழிந்து வரும்.

அந்த வெளிச்சத்துக்குள் நைட் ஹெரான் என்று ஒருவன் குடியிருந்தான். ஓடிடியில் வருகிற வெளிநாட்டுத் தொடர். பகலில் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவனுக்கு இருட்டினால் சிறகு முளைக்கும். அவ்வளவுதான் கதை. நைட் ஹெரான் என்றால் ஏதோ பெரிய பறவை என்று நினைத்துவிட வேண்டாம். பொழுது சாய்ந்ததும் காவிரிக்கு மேலே 'க்வாக்' என்று கத்திக்கொண்டு போகுமே, வக்கா, அதுதான்.

மே மாதத்தில் ஒருநாள் கதவு திறந்தது. "அப்பா, ஃப்ரீயா?" என்றாள். அடுக்களையில் என் மனைவி கோமதி கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் ஆண்டுவிழா என்றால் பட்டிமன்றம் உண்டு. வழக்கமாக மாமியாரா மருமகளா என்று போகும். அந்த வருஷம் தலைப்பைப் பிள்ளைகள் கைப்பற்றிவிட்டார்கள். 'ஓடிடி சூப்பர் ஹீரோ தொடர்களில் மிகுந்திருப்பது பலமா, பலவீனமா?' 'பலமே' என்று பேசும் அணிக்கு முகில் தலைவி. ஒவ்வொரு அணியிலும் பெரியவர் ஒருவர் பேசியாக வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி.

"எல்லா அங்கிளும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. நீதான் மிச்சம்," என்றாள். (மிச்சமாவது ஒன்றாவது. எனக்கு அது பட்டாபிஷேகம்.)

"பேசறேன்மா."

"ஆனா முழுசா பாக்கணும். கொஞ்சம் பாத்துட்டு மிச்சத்த கவிதையா அடிச்சு விடக்கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ்லாம் வராங்கப்பா. என் மானம் உன் கைல இருக்கு."

சத்தியம் செய்துகொடுத்தேன். அலுவலகத்துக்கு லீவு போட்டேன். அவள் தில்லைநகர் டியூஷனுக்குப் போகிற மத்தியான வேளைகளை நைட் ஹெரானுக்கென்று எழுதிவைத்தேன்.

முதல் எபிசோடை ஆடாமல் அசையாமல் பார்த்தேன். சூப்பர் ஹீரோ தொடர்களின் தலையாய பலவீனத்தை அன்றே கண்டுபிடித்துவிட்டேன்: இருட்டு. அந்த ஊரில் கரண்ட் பில் கட்டாமல் விட்டுவிட்டார்கள் போல. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அடி விழுகிற சத்தத்தை வைத்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஹீரோ கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டேன். அங்கேதான் சறுக்கியது. வெளியே வெயில், உள்ளே இருட்டு, தலைக்கு மேலே மின்விசிறி, வயிற்றில் மோர்சாதமும் மாவடுவும். இதற்கு மேல் ஒரு மனிதன் விழித்திருக்க வேண்டுமானால் அவனுக்குத்தான் அதிசய சக்தி வேண்டும்.

ஓடிடியின் இன்னொரு குணம், அது யாருக்காகவும் நிற்காது. ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாகவே வழியத் தொடங்கும். எப்போதாவது திரை கறுத்து, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்கும். அத்தனை கனிவாக என்னை யாரும் கேட்டதில்லை. என் கட்டைவிரல் அதுபாட்டுக்கு 'ஆம்' என்று அழுத்திவிடும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பனி பெய்தது. சிறகு விரிந்தது. கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கின. எந்த இடத்தில் தொடர் முடிந்து நான் தொடங்கினேன் என்பதுதான் பிற்பாடு வழக்காயிற்று.

டியூஷனிலிருந்து வந்ததும் முகில் டிவியைச் சோதனை போடுவாள். ஒவ்வொரு எபிசோடுக்கும் கீழே சிவப்புக் கோடு முழுசாக ஓடியிருக்கும். "நெஜமாவே பாத்துட்டியாப்பா!" என்று சோபாவின் நுனியில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு பேச்சு. வில்லி யார், அவளுக்கு ஏன் வெளிச்சத்தின்மேல் அத்தனை வெறி, ஹெரானின் சிறகில் எத்தனை இறகு. நான் ஒன்றும் சொல்லத் தேவையே இல்லை. சோபாவின் நுனியிலிருந்து நாளுக்கு நாள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார ஆரம்பித்தாள். அதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"ஏழாவது எபிசோட் எப்படி இருந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அழுதுட்டேன்மா."

ஒரு மாதிரி பார்த்தாள். "ஏழாவதுக்கா?"

"ம்."

"நீ கவிஞன்தான்ப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விழா மொட்டை மாடியில். சாயங்காலம். தெற்கே ராஜகோபுரம், அதற்கும் பின்னால் ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டை, வடக்கே கொள்ளிடத்து மணல். மூன்றும் மாலை வெயிலில் கரையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. நடுவர் அந்தோணி சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் முடிந்தால் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார்.

எதிரணிப் பெரியவர் மூன்றாம் மாடி வரதன் மாமா. நெற்றி நிறையத் திருமண், மடியில் டேப்லெட். "ரெண்டு சீசனும் ரெண்டு தடவை ஸேவிச்சாச்சு," என்றுதான் ஆரம்பித்தார்.

"பறக்கறதுக்கு நமக்குக் கருடாழ்வார் இருக்கார். போறது, இவனும் பறக்கட்டும். ஆனா எப்போ பறக்கறான்? முதல் நாலு எபிசோட்ல கடிகாரத்தத் தொடைச்சிண்டே இருக்கான்! கஜேந்திரன் கூப்பிட்ட குரலுக்குப் பெருமாள் ஓடி வந்தாரே, 'மீதி அடுத்த சீசன்ல'ன்னு முதலை வாய்லயே விட்டுட்டுப் போனாரா?" மாடி அதிர்ந்தது. "இது புரியணும்னா இன்னும் மூணு தொடர் பாக்கணுமாம். நேக்கு எழுபத்திரண்டு வயசாறது, ஸ்வாமி. அவாளுக்கெல்லாம் சாவே கிடையாது. நேக்கு அப்படி இல்லையே!"

முகில் எழுந்தாள். "சினிமால வில்லன் ஏன் அப்படி ஆனான்னு சொல்ல ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். இங்க வில்லிக்கே ஒரு எபிசோட் தராங்க. ஹீரோவுக்குப் பல்லு வலிக்குது. வீட்டு வாடகை குடுக்க மறந்துடறான். வாரக்கணக்கா பாக்கறப்ப அவன் நம்ம எதிர் ஃப்ளாட் ஆளு மாதிரி ஆயிடறான். மெதுவா போறதுதான் மாமா இதோட பலமே." கைதட்டல். உட்காரும்போது என்னைப் பார்த்தாள். 'முடிச்சு வைப்பா' என்கிற பார்வை.

முடித்து வைத்தேன்.

"ஏழாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள்," என்று தொடங்கினேன். (மைக் பிடித்தால் எனக்கு எழுத்துத் தமிழ்தான் வரும்.) "இரவெல்லாம் ஊரைக் காப்பாற்றிவிட்டு, விடிகிற நேரத்தில் நனைந்த சிறகோடு திரும்புகிறான். அகலமான மணல்வெளி. நடுவில் ஒரே ஒரு நீர்க்கோடு. தூரத்துப் பாலத்தில் ஒரு ரயில். மணலில் அவனுடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவனோடு வெகுநாளாகப் பேசாத மகள். கையில் துண்டு. அதை நீட்டிவிட்டுக் கேட்கிறாள்: 'ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?' நகரத்தையே காப்பாற்றியவனிடம் அதற்குப் பதில் இல்லை. சினிமாவுக்கு இரண்டரை மணி நேரம்தான். ஒரு மகள் வாய் திறக்கும்வரை காத்திருக்கத் தொடருக்குத்தான் பொறுமை இருக்கிறது. இதைவிடப் பெரிய பலம் வேறென்ன வேண்டும்?"

இரண்டாம் வரிசையில் ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று முகிலைத் தேடினேன். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

வரதன் மாமா ஒற்றை விரலைத் தூக்கினார். "ஓய், ஏழாவது எபிசோட் முழுக்க நாலு பேர் லிஃப்ட்ல மாட்டிண்டுன்னா பேசிண்டிருக்கா?"

"ஹெரானுக்குப் பொண்ணே கெடையாதே அங்கிள்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கீச்சுக்குரல்.

"இருங்க, இருங்க," என்றார் அந்தோணி சார். ரயில் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. "கவிஞரே, அந்த ரயிலு எந்தப் பக்கமா போச்சு?"

"லால்குடி பக்கம்," என்றேன்.

வாய் தவறவில்லை. அப்படித்தான் போயிற்று.

மாடியில் இருந்த அத்தனை பேரும் ஒருசேர வடக்கே, லால்குடி ரயில் போகிற திசையில் திரும்பினார்கள். அங்கே கொள்ளிடம். அகலமான மணல்வெளி. நடுவில் ஒரே ஒரு நீர்க்கோடு. தூரத்தில் பாலம். திரும்பவும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில்தான் நானும் மெதுவாக விழித்துக்கொண்டேன். சிரிப்பு பிறகு வந்தது. ராஜகோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்திருக்கும். "முகில், உங்கப்பா தனி சீரிஸே எடுத்திருக்கார்டி!" என்று அவள் தோழி கத்தினாள். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு, "மத்தியானமெல்லாம் கொறட்ட கேட்டுது. டிவிலன்னு நெனச்சேன்," என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அந்தோணி சார் டம்ளரைத் தட்டித் தீர்ப்புச் சொன்னார். "கட்சிக்காரன் தூங்கலாம், ஜட்ஜுகூட தூங்கலாம். வக்கீலு தூங்கிட்டா கேஸு நிக்குமாங்க? பலம்னு பேச வந்தவரையே தாலாட்டுன தொடருங்க இது. பலவீனமே!"

முகில் படியிறங்கிப் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. இந்தத் தடவை நீல வெளிச்சம்கூட வழியவில்லை. 'சார்ஜர் எங்க' என்றுகூடக் கேட்கவில்லை. சார்ஜரை நானே கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தேன். காலையில் அது அங்கேயே இருந்தது. சில நாட்கள் வீட்டில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம், டிவியைத் தொடும் தைரியம் இல்லாமல் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு நிழல் வந்து நின்றது. திரும்பவில்லை. (திரும்பினால் பறந்துவிடும் என்று பயம்.)

"அந்தப் பொண்ணு ஏன் அவன்கிட்ட பேசாம இருந்தா?" என்றது நிழல்.

"தெரியலம்மா. கேக்கல."

"அவ கேட்டதுக்கு அவன் என்ன பதில் சொன்னான்?"

"அதுக்குள்ள எந்திரிச்சிட்டேன்."

பிறகு சோபா அமுங்கியது. நுனியில் இல்லை, நடுவில். "நெஜத்துல ஏழாவது எபிசோட் செம்ம மொக்கைப்பா. அந்த லிஃப்டு கதைய நானே ஓட்டிவிட்டுத்தான் பாத்தேன்," என்றாள். என்னிடமிருந்த ரிமோட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். "சரி, மறுபடி தூங்கு. பதில் என்னன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் வாய் திறந்து எதைச் சொன்னாலும் கோமதி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது நெஜமா நடந்ததா, இல்ல ஏழாவது எபிசோடா?" உறவுக்காரர்களுக்கும் பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் யாராவது கொஞ்சம் மிகைப்படுத்தினால், "லால்குடி ரயில் வந்துருச்சு," என்கிறார்கள். வரதன் மாமா லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பொண்ணு சௌக்கியமா? உம்மோடது இல்ல ஓய், ஹெரானோடது," என்று விசாரிக்கிறார்.

முகில் இப்போது சென்னையில் படிக்கிறாள். போன மாதம் மத்தியான ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்டேஷனுக்கு நான்தான் போக வேண்டும். நேரம் இருக்கிறதே என்று சாய்ந்து உட்கார்ந்தேன். (மோர்சாதம்.) நான் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரம் காலியாகியிருந்தது. வேப்பமரத்து நிழலில், பெட்டியின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?"

என்னிடம் பதில் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தாள். நகர்ந்து இடம் விட்டாள். "தூங்கிட்டியா? சரி, இன்னிக்காவது அவன் பதில் சொன்னானா?"

"சொல்ல வாயெடுத்தான்மா. அதுக்குள்ள பாலத்துல ரயில் சத்தம். முழிச்சிட்டேன்."

"அது என் ரயில்ப்பா," என்றாள்.