அக்காவுக்கு வரன் தேடிய பக் ரிப்போர்ட்

உதவி செய்யத் துடிக்கிற தம்பியை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஆபத்து நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டிருந்தேன். (யாரும் கேட்கவில்லை.) பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, ஷீபா அக்காவின் கல்யாண பயோடேட்டாவைத் தமிழில் டைப் செய்யச் சொன்னார், சர்ச்சில் கொடுக்க. செய்தேன். பிரிண்ட் எடுத்தால் 'பெண்' என்பதில் கொம்பு பின்னால் போய் நின்றது.

லினக்ஸைத் தொகுத்துத் தருகிற டிஸ்ட்ரிபியூஷன்காரர்களிடம் 'பக் ரிப்போர்ட்' என்கிற பிழைப் புகார் செய்தேன். "நாங்கள் பொட்டலம் கட்டுகிறவர்கள். மென்பொருளை எழுதியவர்களிடம் போ" என்றார்கள். எழுதியவர்களுக்கு அப்ஸ்ட்ரீம் என்று பெயர். அவர்களோ, "எங்களிடம் சரியாகத்தான் வருகிறது. பொட்டலம் கட்டியவர்களைக் கேள்" என்றார்கள். மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் தபால்காரனாக ஓடினேன். கடைசியில் அப்ஸ்ட்ரீம்காரர் ஒருவர் மனமிரங்கி, "பிழை வருகிற ஃபைலை அனுப்பு" என்றார்.

பதில் வந்த சந்தோஷத்தில் பயோடேட்டாவை அப்படியே புகாரில் இணைத்தேன். போன் நம்பரோடு. அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியும். (அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.)

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"வணக்கமுங்க, கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். உங்க பொண்ணு ஜாதகம்... அதாங்க, பயோடேட்டா பார்த்தோம்."

அப்பா முகம் மலர்ந்தது. "சர்ச்ல பார்த்தீங்களாம்மா? பேப்பர்லயா?"

"இல்லீங்க, பக் ரிப்போர்ட்ல. எம் பையன் வேற ஒரு லினக்ஸ் பொட்டலம் கட்டற இடத்துல வேலை பண்றான். கொம்பெல்லாம் சரியா வருதான்னு பாரும்மான்னான். நான் பொண்ணையும் சேர்த்துப் பார்த்துட்டேன்."

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "டேய், பக்னா பூச்சிதானே?"

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். விஷயம் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெயிட்டையுமாடா போட்டே?"

"போட்டேன்க்கா."

"உலகம் பூராவுமா?"

அன்றே அப்ஸ்ட்ரீமிடம் கெஞ்சினேன். பெயரையும் போன் நம்பரையும் அழித்தார்கள். மீதியை எடுக்க மறுத்துவிட்டார்கள். இத்தனை கொம்பும் காலும் ஒரே பக்கத்தில் கிடைக்கிற ஃபைல் அவர்களிடம் வேறு இல்லையாம். அதையே பரிசோதனை ஃபைலாக்கிவிட்டார்கள். புது வெர்ஷன் எது வந்தாலும், அக்காவின் உயரமும் எடையும் குணநலன்களும் ஒழுங்காக அச்சானால்தான் வெளியே விடுவார்கள். டிஸ்ட்ரிபியூஷன்காரர்களிடம் ஓடினேன். "அப்ஸ்ட்ரீம் எடுத்தால் நாங்களும் எடுப்போம்" என்றார்கள்.

கோயமுத்தூர் வரன் படியவில்லை. அக்கா வேறொருவரைக் கட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனாள். இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் நான் அங்கே போய் உட்கார்ந்தால் போதும், அத்தான் ஆரம்பித்துவிடுவார்.

"ஏன் மச்சான், என் பொண்டாட்டிக்கு உங்க ஆளுங்க இன்னும் எத்தனை வருஷம் மாப்பிள்ளை தேடுவாங்க?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: "நல்ல இடமா வந்தா சொல்லுடா!"