தெள்ளு நிறம் அடித்த ஆபீஸ்

மதுரைச் சீமையில் பொய் பேசாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயில் என்று நினைத்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் தல்லாகுளத்தில் நடந்த 'மடைத் திறப்பு ஆபீஸ்'தான் அது. கண்மாய் ஊராருடையது, தண்ணீர் வானத்துடையது. ஆனாலும் அந்த ஆபீஸ் கையெழுத்துப் போடாமல் ஒரு மடையும் திறக்காது. அம்புட்டு ஒழுங்கு!

அந்த ஒழுங்கைத் தரிசிக்க எழுமலையிலிருந்து வந்த கருத்தக்கண்ணன் வராந்தாவிலேயே குடியிருக்கும்படி ஆயிற்று. ஊரில் அவருடைய நெல் கதிர் வாங்கும் பருவத்தில் வாடி நின்றது. பக்கத்திலேயே கண்மாயில் தண்ணீர் கிடந்தது. நடுவில் ஒரு மடைப் பூட்டு. ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை ஊரில் இல்லாதபோது ஹெட்கிளார்க் ஹாலாஸ்யம் கையெழுத்துப் போட்டாலே பூட்டுத் திறந்துவிடும். ஆனால் ஹாலாஸ்யத்துக்கு அதைவிடப் பெரிய ஜோலி வந்திருந்தது.

துரை மலைக்கு வேட்டைக்குக் கிளம்பியபோது, காருக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, "நான் வருவதற்குள் ஆபீஸ் சுவரெல்லாம் 'ப்யூஸ்' நிறம் அடித்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலாஸ்யம் "எஸ் ஸார்" என்றார். அது என்ன நிறம் என்று கேட்கவில்லை. துரையிடமே இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்பவன் அந்த ஆபீஸில் உத்தியோகம் பார்க்க முடியுமா?

அது என்ன நிறம் என்று கண்டுபிடிக்க ஆபீஸுக்குள்ளேயே ஒரு கமிட்டி கூடியது. கருத்தக்கண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேறென்ன வேலை அவருக்கு?

"காவிக்கல்லா, செங்கப்பொடியா, சொல்லுங்க சார். மத்தியானத்துக்குள்ள கலக்கிப்புடலாம்" என்றார் சுண்ணாம்பு காண்ட்ராக்டர் முகம்மது கனி.

"ஓய், சும்மா இரும். இது கவர்மெண்ட் நிறம்!" என்று அதட்டினார் ஹாலாஸ்யம்.

பி.ஏ. படித்த குமாஸ்தா விஸ்வேஸ்வரன் தலையணை கனத்துக்கு ஒரு டிக்‌ஷனரியைத் தூக்கிவந்து புரட்டினார். "கிடைச்சுடுத்து சார். ப்யூஸ்னா கருஞ்சிவப்பு. பிரெஞ்சுக்காராகிட்டேர்ந்து வந்த வார்த்தை. அவா பாஷையிலே அதுக்கு அர்த்தம்..." குரல் இறங்கியது. "தெள்ளு."

"என்னது?"

"நாய் மேலே இருக்குமே சார். குதிக்குமே."

கமிட்டி மொத்தமும் ஒரு தடவை சொறிந்துகொண்டது.

வேறு ஆபீஸாக இருந்தால் சிரித்திருப்பார்கள். ஹாலாஸ்யம் எழுந்து நின்றார். "துரை சொன்னா காரணம் இருக்கும். மாதிரி இல்லாம எந்தச் சாயமும் வாங்கப்படாதுங்கறது ரூல். ஆகவே ஒரு தெள்ளு தேவைப்படறது."

"நாட்டு நாய்த் தெள்ளு செல்லுமா சார்? பிரெஞ்சு வார்த்தையாச்சே. பாண்டிச்சேரிக்கு எழுதிப் பார்சல்லே தருவிச்சா..." என்று இழுத்தார் விஸ்வேஸ்வரன்.

இந்த விவாதத்திலேயே பொழுது போயிற்று. கருத்தக்கண்ணன் ஜன்னல் வழியாக, "சாமி, பயிரு சுருளுது" என்றார்.

"தெள்ளு முடியட்டும்யா!"

கடைசியில் துரை பங்களாவின் சீமை நாய் மேலிருந்து ஒன்றைப் பிடித்து, மேஜைமேல் கண்ணாடி டம்ளரால் மூடிவைத்தார்கள். கனி குனிந்து பார்த்தார்.

"இது புளியங்கொட்டைக் கலராவுல்ல இருக்கு சார். செவப்பு எங்க?"

விஸ்வேஸ்வரன் மறுபடி படித்தார். "நசுக்கினா துணியிலே படற கறைதான் அந்த நிறம்னு ஒரு கட்சியும் இருக்கு சார். இது பட்டினித் தெள்ளு. ரத்தம் குடிச்சாத்தான் சிவக்கும்."

"யார் ரத்தத்தை?"

கமிட்டி மேற்கூரையைப் பார்த்தது. "சிப்பந்திகள் ரத்தம் கொடுக்க ரூல் இல்லை" என்று ஹாலாஸ்யம் அறிவித்தார். பிறகு எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

"கருத்தக்கண்ணா, உள்ளே வாய்யா. இப்படி உக்காரு."

அந்த ஆபீஸில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எதுக்குங்க?"

"சர்க்காருக்கு ஒரு சின்ன ஒத்தாசை. கையை நீட்டு."

"மொதல்ல நீங்க நீட்டுங்க சாமி, கையெழுத்துக்கு."

"பேரம் பேசறியா?"

"ஒங்க வராந்தா மூட்டைப்பூச்சிக்கு அம்புட்டு ரத்தத்தையும் ஓசியிலதேன் குடுத்தேன். கேட்டேனா? உள்ள கூப்பிட்டு வச்சுக் குடிக்கிறதுன்னா கையெழுத்து வேணும்."

"நாயந்தேன் சார்" என்றார் கனி.

ஹாலாஸ்யம் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கருத்தக்கண்ணன் தாளை மடித்து இடுப்பில் செருகிய பிறகுதான் கையை நீட்டினார். டம்ளர் அவர் கைமேல் கவிழ்ந்தது. தெள்ளு அரசாங்க ஊழியர்களின் முன்னிலையில் வயிறாரக் குடித்தது. விஸ்வேஸ்வரன் அதை வெள்ளைத் தாளில் வைத்து ரூல்தடியால் நசுக்கினார். கனி அந்தக் கறையைப் பார்த்துப் பார்த்துச் சாயம் கலக்கினார்.

கருத்தக்கண்ணன் விழுந்தடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மடையோரத்து வயல் பிழைத்தது. கடைசி வயல் வைக்கோலாகத்தான் நின்றது. அறுப்புக்கு முன்னால் மறுபடியும் தல்லாகுளம் வந்தார். திறந்த மடையை அடைப்பதற்கும் கையெழுத்து வேண்டுமல்லவா?

சுவரெல்லாம் கருஞ்சிவப்பில் பளபளத்தது. துரை திரும்பி வந்து பார்த்து, "இதேதான்!" என்று ஹாலாஸ்யத்தின் முதுகைத் தட்டி, மேல் உத்தியோகத்துக்குச் சிபாரிசும் செய்துவிட்டாராம். ஏணியில் நின்று, விட்டுப்போன மூலையைப் பூசியபடி கனிதான் சொன்னார்.

"எப்படி மாமா இருக்கு நம்ம கலரு?"

கருத்தக்கண்ணன் சுவரைப் பார்த்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ஹாலாஸ்யம் சாப்பாடு முடித்து, புது நாற்காலியில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தேன் பிடிச்சிருக்கு மாப்ள. உள்ள இருக்கிற கலருதேன வெளியவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கருத்தக்கண்ணன் பழைய இடத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்தார்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல மற்ற ஆபீஸ்களுக்கெல்லாம் வாசலில் பலகை வேண்டியிருந்தது. இந்த ஆபீஸ் ஒன்றுதான் அதைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருந்தது. அந்தச் சாயத்துக்கு மாதிரி கொடுத்தவரைத்தான் வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.