வெற்றிலையில் வந்த லாபக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில், வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கோழிகள்தான் காவல். மனிதர்கள் அத்தனை பேரும் உடையப்ப சாமியின் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார்கள். சுங்கை பெசாரிலிருந்துகூட ஆட்கள் லோரி ஏறி வந்தார்கள்.

கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை எகிறிக்கொண்டிருந்த காலம் அது. இங்கேயோ அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், சாலையில் பட்டாளம், லயத்தைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. இத்தனைக்கும் நடுவே சாமி, ஸ்வர்ணவாகினி ரப்பர் கம்பெனி என்று ஒன்றை நடத்திவந்தார். தோட்டத்து ஜனங்கள்தான் பங்குதாரர்கள். கம்பெனியின் ரப்பர்த் தோட்டம் பகாங் காட்டோரத்தில் எங்கோ இருந்தது. போய்ப் பார்க்க முடியாது, கம்யூனிஸ்டுகள் நடமாடும் இடம், போலீஸ் பாஸ் கொடுக்காது. அதனால் என்ன? சாமிதான் வெற்றிலையில் மை தடவிக் காட்டிவிடுவாரே!

"வெள்ளைக்காரக் கம்பெனி வருசத்துக்கு ஒருதரம் கணக்குக் காட்டும். அதுவும் காகிதத்துல, இங்கிலீசுல. பங்கு போட்டவனுக்கு ஒரு எழுத்துப் புரியுமா? நம்மளுது நவீனக் கம்பெனி. வாராவாரம் கணக்கு. உங்க கண்ணாலயே பாத்துக்கலாம்" என்பார் சாமி.

லண்டனில் கோட்டு மாட்டிய முதலாளிகளுக்கு இந்த யோசனை தோன்றவில்லை. பாவம், அங்கே வெற்றிலை கிடைப்பதில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மனதில் சந்தேகம் உள்ளவருக்கும் பிறப்பில் குறை உள்ளவருக்கும் மையில் எதுவும் தெரியாது. பிறகு யாருக்குத் தெரியாமல் போகும்? மண்டோர் கார்த்திகேசு, வேலையாட்களை மேய்க்கிற மனிதர், மலைமலையாய் மரங்களைப் பார்த்தார். லோரி ஓட்டும் செல்லையா, ரப்பர் ஸ்டோரின் புகைபோக்கியைப் பார்த்தார். பால்வெட்டும் காளியம்மா பார்த்தபோது அவளுடைய மூக்குத்திதான் மையின் எண்ணெய்ப் பசையில் மின்னியது. "நல்லாத் தெரியுது சாமி" என்றாள். தன் பிறப்பைப் பற்றிக் கண்டவர்கள் பேசுவதை அவள் விரும்பவில்லை. தோட்டை விற்றுப் பங்கும் வாங்கினாள்.

இப்போது அந்தப் பணம் அவளுக்குத் தேவைப்பட்டது. புருஷன் முருகையாவுக்கு நெஞ்சு கெட்டுப்போய் மரத்தடிக்கு நடக்கவே முடியவில்லை. வேலை செய்யாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது, மாசக் கடைசிக்குள் காலி செய் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. காளியம்மா சாமியிடம் போய் நின்றாள்.

"சாமி, எம் பங்கைத் திருப்பிக் குடுத்துடுங்க. அவருக்கு முடியல. ஒதுங்க ஒரு எடம் வாங்கணும்."

"இப்பவா? மையில நீதானம்மா பாத்தே, லாபம் பொங்கி வழியுது! இந்த நேரத்துல பங்கை எடுக்கிறது, வீட்டுக்கு வந்த லட்சுமியைக் கழுத்தைப் புடிச்சுத் தள்ளுற மாதிரி."

அவள் வீட்டுக்கு வந்து, இருமிக்கொண்டிருந்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலில் சாமிமேல், பிறகு தன்மேல். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பது தோட்டத்தில் பிறந்த பூனைக்கும் தெரியும். சாமியின் தோட்டத்திலோ இதுவரை ஒரு தூறல்கூட விழுந்ததில்லை. ஒரு மரத்துக்கு நோய் வந்ததில்லை. வாரம் தவறாமல் லாபம், லாபம், லாபம். நஷ்டம் வந்தால் அந்த மை காட்டுமா? அதைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

அடுத்த ஞாயிறு கூட்டம் நெருக்கியடித்தது. நாலு பேர் கூடினால் காவல் வேண்டும் என்பதால், ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ராஃபேல் துப்பாக்கியோடு ஓரமாக நின்றான். காளியம்மா முதல் ஆளாகப் போய் வெற்றிலைமேல் குனிந்தாள். குனிந்தவள் வீறிட்டாள்.

"ஐயோ, எரியுதே!"

"என்னம்மா எரியுது?"

"தோட்டம் எரியுது சாமி! ஸ்டோர் எரியுது! நட்சத்திரத் தொப்பி போட்டவங்க மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறாங்க!"

சாமி வெற்றிலையை இன்னும் கிட்டே நீட்டினார். "சரியாப் பாரும்மா. அது அந்தி வெயிலா இருக்கும்."

"எம் மனசுல சந்தேகமும் இல்ல, பொறப்புல கொறையும் இல்ல. நல்லாத் தெரியுது சாமி."

அடுத்தது மண்டோர். பால்வெட்டுகிற பொம்பளைக்குத் தெரிவது மண்டோருக்குத் தெரியாமல் போனால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? குனிந்து பார்த்தார். "ஆமா லா! என்னா பொகை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லையா இன்னும் ஒருபடி மேலே போனார். தொப்பிக்காரர்களில் ஒருத்தனுக்கு மீசை இருந்ததாம்.

கூட்டம் அலறியது. ராஃபேல் உள்ளே புகுந்தான்.

"இருங்க, இருங்க. கம்னிஸ்டைப் பாத்துட்டுச் சும்மா இருந்தா சட்டப்படி குத்தம். சாமி, தோட்டம் எங்க இருக்கு? எத்தனாவது மைல் கட்டை? சொல்லுங்க, ஸ்டேசனுக்குப் போன் போடுறேன். பட்டாளம் போகட்டும்."

"தம்பி, அந்தப் பொம்பளை பொய் சொல்லுது!"

"அப்ப மண்டோரய்யாவும் பொய்யா? செல்லையா அண்ணனும் பொய்யா?" என்று கேட்டாள் காளியம்மா. "மரம் தெரிஞ்சப்ப மட்டும் எல்லாரும் உண்மையாக்கும்?"

"எடத்தை மறைச்சீங்கன்னா, அவங்களுக்கு ஒத்தாசை பண்ற ஆளுன்னு எழுதிக்குவாங்க. தூக்குலகூடப் போடுவாங்க லா, சாமி" என்றான் ராஃபேல்.

தூக்கு என்றதும் சாமிக்கு ஞானம் பிறந்தது.

"எரியறதுக்கு அங்க தோட்டமே இல்லப்பா! ஒத்த மரம் இல்ல, கம்பெனி இல்ல, ஒண்ணுமே இல்ல! என்னை விட்ருங்க!"

சொல்லிவிட்டு ஓடப் பார்த்தார். கொட்டகை இருந்த லயத்துக்கு நாலு பக்கமும் முள்வேலி, வெளியே போக ஒரே ஒரு கேட். கம்யூனிஸ்டுகளுக்குக் கொள்ளைக்காரர்கள் என்று பெயர் வைத்து, அவர்கள் உள்ளே வராமலிருக்கச் சர்க்கார் போட்ட அந்த வேலி, அன்றைக்குத்தான் ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்துக் கொடுத்தது. பங்குப் பணத்தைச் சாமி பூட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது முதலில் கை நீட்டியவள் காளியம்மா. தன் பணத்தை முந்தானையில் முடிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மண்டோர் மெதுவாக அவளருகே வந்தார். "காளியம்மா, அப்ப நான் பாத்த பொகை?"

"நான் பாத்த நெருப்புலேருந்து வந்ததுதான், மண்டோரய்யா."

செல்லையா மட்டும் மீசைக்காரனை நிஜமாகவே பார்த்ததாக இன்றைக்கும் சாதிக்கிறார். அவருக்கு மருந்து கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு. வெற்றிலையில் காட்டினாலும் சரி, வழவழக் காகிதத்தில் அச்சடித்துக் காட்டினாலும் சரி, லாபத்தை மட்டுமே காட்டுகிறவனிடம் நஷ்டம் எங்கே என்று கேளுங்கள். இன்னொன்று: "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று முதல் வாரமே ஒரே ஒரு ஆள் வாய்திறந்திருந்தால், அந்தத் தோட்டத்தில் ஒரு கன்றுகூட முளைத்திருக்காது. சாமி விதைதான் போட்டார். தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.